மின்சாரம் பாய்ச்சினால் பாடம் ஏறுமா?

உப்புத்தண்ணீரில் நனைத்த இரண்டு ஸ்பாஞ்சுத் துண்டுகள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு ரப்பர் மின்முனை, அதிலிருந்து பேட்டரிக்கு ஒரு வயர், எல்லாவற்றையும் தலையோடு இறுக்கிப் பிடிக்க ஒரு பட்டை. இதைக் கட்டிக்கொண்டு 20 நிமிடம் படித்தால் மூளைக்குள் பாடம் சட்டென்று ஏறும் என்று சொல்லி, ஹெட்போன் போல அழகாக வடிவமைத்து விற்கவும் செய்கிறார்கள்.

பாய்வது 1 முதல் 2 மில்லியாம்பியர் நேர்மின்சாரம். மனநல மருத்துவத்தில் ஷாக் ட்ரீட்மென்ட் என்கிறோமே, அதோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அதில் பாய்வது பல நூறு மில்லியாம்பியர், வலிப்பை வரவழைப்பதற்கென்றே கொடுப்பது. இதிலோ தோல் கொஞ்சம் குறுகுறுக்கும், அப்புறம் அதுவும் பெரும்பாலும் தெரியாது.

உள்ளே என்னதான் நடக்கிறது? சும்மா இருக்கும் நியூரானின், அதாவது மூளை நரம்பு செல்லின் உட்புறம், வெளிப்புறத்தைவிட ஏறக்குறைய 70 மில்லிவோல்ட் குறைவான மின்னழுத்தத்தில் இருக்கும். மற்ற நியூரான்களிடமிருந்து வரும் சமிக்ஞைகள் சேர்ந்து அந்த வித்தியாசத்தை 55 வாக்கில் கொண்டுவந்துவிட்டால் அது ‘சுடும்’, அதாவது தானும் ஒரு சமிக்ஞையை அனுப்பும். தலைக்கு மேலிருந்து வரும் மின்சாரத்தால் இதில் 1 மில்லிவோல்ட்டைக்கூட நகர்த்த முடிவதில்லை. ஆகவே அது தானாக எந்த நியூரானையும் சுடவைக்காது. வாசலில் வந்து நிற்பவரின் முதுகில் லேசாகக் கை வைத்தால் உள்ளே காலெடுத்து வைப்பார். தெருக்கோடியில் நிற்பவருக்கு அந்தக் கை எட்டவே எட்டாது. அந்த அளவு உதவிதான் இது.

ஆனால் அந்தச் சிறு உதவி பொய்யில்லை. 2000ஆம் ஆண்டில் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் மைக்கேல் நிட்ஷேவும் வால்டர் பவுலஸும், அசைவைக் கட்டுப்படுத்தும் மூளைப் பகுதியின் மேல் நேர்முனையை வைத்துப் பார்த்தார்கள். அந்தப் பகுதியைத் தனியாகக் காந்தத் துடிப்பால் தூண்டும்போது கைத்தசை துடிக்கும் அளவு 40 சதவீதம் வரை மாறியது. மின்சாரத்தை நிறுத்திய பிறகும் சில நிமிடங்கள் அந்த மாற்றம் நீடித்தது. முனைகளை மாற்றி வைத்தால் துடிப்பு குறைந்தது.

தசைத் துடிப்பிலிருந்து நினைவாற்றலுக்குத் தாவியதில்தான் சிக்கல். கியோர்கி புஸாக்கியின் ஆய்வுக்குழு இறந்தவர்களின் உடல்களில் அளந்து 2018இல் வெளியிட்ட கணக்குப்படி, கொடுக்கும் மின்சாரத்தில் ஏறக்குறைய முக்கால்வாசியைத் தோலும் மண்டையோடுமே வாங்கிக்கொள்கின்றன. மிஞ்சுவதும் ஒரே இடத்தில் பாய்வதில்லை, பரவலாகச் சிதறுகிறது. புது நினைவுகள் உருவாக இன்றியமையாத ஹிப்போகாம்பஸ் மூளையின் ஆழத்தில் கிடக்கிறது. சோதனை முடிவுகளும் ஒத்துப்போகவில்லை. ஒரு குழு பலன் கண்டால் இன்னொரு குழுவுக்கு ஒன்றும் கிடைப்பதில்லை. 2022இல் பாஸ்டனில் 65 வயது தாண்டியவர்களுக்கு 4 நாள், நாளுக்கு 20 நிமிடம் மாறுமின்சாரம் கொடுத்ததில், சொற்பட்டியலை நினைவில் வைக்கும் திறன் ஒரு மாதம் வரை கூடியிருந்தது. நம்பிக்கை தரும் முடிவுதான். ஆனால் அது ஆய்வகத்தில் அலைவரிசையும் இடமும் பார்த்துப் பார்த்துச் செய்தது.

என்னை அதிகம் யோசிக்கவைத்தது 2013இல் ஆக்ஸ்ஃபோர்டில் ரோய் கோஹென் கடோஷ் குழு செய்த சோதனை. எண்களுக்குப் பதிலாக விநோதமான குறிகளைக் கற்றுக்கொடுத்து, மூளையின் பக்கவாட்டுப் பின்பகுதியைத் தூண்டினார்கள். சோதனைக்கு வந்தவர்கள் குறிகளைச் சீக்கிரம் கற்றுக்கொண்டார்கள். ஆனால் யோசிக்காமலே சட்டென்று கையாளும் பழக்கம் மட்டுப்பட்டது. முன்பகுதியைத் தூண்டியபோது நேர் எதிராக நடந்தது. ஒரு கையால் கொடுத்து மறு கையால் வாங்கிக்கொள்ளும் இந்தக் கணக்கை எந்த விளம்பரமும் சொல்வதில்லை. நான் காசு கொடுத்து வாங்க மாட்டேன்.

சரி, எதைத்தான் நம்பலாம்? 2006இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்பிக்கும் மாணவர்களுக்குச் சிறு கட்டுரைகளைக் கொடுத்தார்கள். சூரியனைப் பற்றி ஒன்று, கடல் நீர்நாயைப் பற்றி ஒன்று. ஒரு பிரிவினர் 5 நிமிடம் வீதம் 4 வேளையும் படித்தார்கள். சராசரியாக 14 முறை வாசித்துவிட்டார்கள். இன்னொரு பிரிவினர் முதல் வேளை மட்டும் படித்தார்கள், 3 முறைக்குச் சற்று அதிகம். மீதி 3 வேளையும் கட்டுரையைப் பார்க்காமல், வெற்றுத்தாளில் நினைவுக்கு வந்ததையெல்லாம் எழுதினார்கள். சரியா தவறா என்று யாரும் திருத்திக்கூடக் கொடுக்கவில்லை.

5 நிமிடம் கழித்துக் கேட்டபோது படித்தே தீர்த்தவர்கள் 83 சதவீதம், எழுதிப் பார்த்தவர்கள் 71. ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ்: 40, 61. இதில் வேடிக்கை என்னவென்றால், தனக்கு நன்றாக நினைவிருக்கும் என்று அதிகம் நம்பியவர்கள் 14 முறை வாசித்தவர்கள்தான். திரும்பத் திரும்பப் பார்த்த வரி கண்ணுக்குப் பழகிவிடுகிறது. அந்தப் பழக்கத்தையே மூளை ‘தெரியும்’ என்று எடுத்துக்கொள்கிறது. புத்தகம் முழுக்க மஞ்சள் ஹைலைட்டர் பூசுவதும் இதே வகை ஏமாற்றுதான். நம் பள்ளிகளில் எல்லாரும் சலித்துக்கொள்ளும் திருப்புதல் தேர்வில் விஷயம் இருக்கிறது என்றால் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் அடிக்க வருவார்கள்.

மூடிய புத்தகத்திலிருந்து ஒரு விடையைத் தேடும்போது, அந்த நினைவைத் தாங்கும் நியூரான் கூட்டமே மறுபடி சுடுகிறது. ஒன்றாகச் சுடும் நியூரான்களின் இணைப்பு வலுப்படும் என்பதற்கு 1973இல் ஆஸ்லோவில் பிளிஸும் லோமோவும் முயலின் ஹிப்போகாம்பஸிலேயே சான்று காட்டியிருக்கிறார்கள். தலைக்கு வெளியிலிருந்து ஸ்பாஞ்சு வழியாக எட்ட முடியாத இடத்தை உள்ளிருந்து தொடுகிற வேலை இது, அதுவும் வேண்டிய நியூரான்களை மட்டும்.

இடைவெளியும் முக்கியம். கடல் முயல் எனப்படும் ஓடில்லா நத்தையின் உடலில் நீர் பீய்ச்சினால் செவுளை உள்ளே இழுத்துக்கொள்ளும். திரும்பத் திரும்பப் பீய்ச்சினால் ஆபத்தில்லை என்று புரிந்து இழுப்பதைக் குறைக்கும். எரிக் காண்டெல் குழு 1972இல் நாளுக்கு 10 முறை வீதம் 4 நாள் செய்தபோது அந்தப் பாடம் 3 வாரம் நின்றது. 40 முறையையும் ஒரே மூச்சில் செய்தபோது அவ்வளவு நிற்கவில்லை. நிலையான இணைப்புக்குப் புதுப் புரதங்கள் தயாராக வேண்டும், அதற்கு நேரம் பிடிக்கும்.

மனிதர்களுக்கு எத்தனை நாள் இடைவெளி? நிக்கோலஸ் செபேடா குழு ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து 2008இல் பார்த்தது. முதல் படிப்புக்கும் மறுபடிப்புக்கும் இடையே எவ்வளவு விடுவது என்பது, தேர்வு எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதைப் பொறுத்து மாறியது. மறுபடிப்புக்கு ஒரு வாரம் கழித்துத் தேர்வு என்றால் 1 நாள் விட்டவர்கள் நன்றாகச் செய்தார்கள், 35 நாள் கழித்து என்றால் 11 நாள், 70 நாள் கழித்து என்றால் 21 நாள். அந்த 21 நாளில் பாதி மறந்துதான் போயிருக்கும். புத்தகத்தைத் திறப்பதற்கு முன்னால் ஒரு வெற்றுத்தாளை எடுத்து, மிச்சம் இருப்பதை எழுதிப் பாருங்கள்.