வலம்புரிச் சங்கு: அம்மா போட்ட முறுக்கு

வலம்புரிச் சங்கு ஏன் இவ்வளவு அபூர்வம் என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். மன்னார் வளைகுடாவில் சங்கு குளிப்பவர்கள் எடுத்து வருவதில் ஏறக்குறைய எல்லாமே இடம்புரி. உயிரியலாளருக்கு அது வலச்சுருள். நம் வலம்புரிதான் அவருக்கு இடச்சுருள். ஊதுவதற்குத் துளையிடும் முனையை அவர் மேலே வைத்துப் பார்க்கிறார், நாம் கீழே வைத்துப் பார்க்கிறோம். அவ்வளவுதான்.

ஓடு கட்டும் கதை பள்ளியில் படித்ததுதான். உடலைப் போர்த்திய சதை, வாய் விளிம்பில் சுண்ணாம்பைப் பூசிப் பூசி நீட்டுகிறது. ஆனால் எந்தப் பக்கம் சுருள்வது என்பது ஓடு தோன்றும் முன்பே, கருவிலேயே முடிவாகிவிடுகிறது.

இதைக் காட்டிக்கொடுத்தது சங்கு அல்ல, அதன் தூரத்து உறவான ஒரு குளத்து நத்தை. அதன் கருமுட்டை இரண்டாகி, நான்காகி, எட்டாகிறது. அந்த எட்டில் மேலே அமரும் நான்கு சிறிய செல்கள் கீழ்ச் செல்களின் தலைமேல் நேராக உட்காருவதில்லை; சற்றே திரும்பி, இடுக்குகளில் பொருந்துகின்றன. எந்தப் பக்கம் திரும்பினவோ அதன்படியே நத்தையும் சுருளும். ஜப்பானிய விஞ்ஞானி ரெய்கோ குரோடாவின் குழு 2009இல் மெல்லிய கண்ணாடிக் குச்சியால் அந்தச் செல்களை எதிர்ப்பக்கம் தள்ளிவிட்டது. கண்ணாடியில் பார்த்ததுபோல் மாறிச் சுருண்ட நத்தைகள் வளர்ந்தன, ஆரோக்கியமாகவே! அவற்றின் குஞ்சுகளோ பழையபடியே சுருண்டன. குச்சி செல்லைத்தானே தள்ளியது, மரபணுவை அல்லவே.

இன்னொரு வேடிக்கை: திரும்பும் திசையைச் சொல்வது குஞ்சின் மரபணு அல்ல, தாயுடையது. தாய் முட்டைக்குள் வைத்தனுப்பும் புரதமே அந்தத் திருப்பத்தைக் கொடுக்கிறது. ஸ்டர்ட்டவன்ட் என்ற மரபியலாளர் 1923லேயே இதை ஊகித்தார். 2019இல் குரோடாவும் சக ஆய்வாளரும் ஒரே ஒரு மரபணுவை முடக்கி, இடச்சுருள் நத்தைகளை உண்டாக்கினார்கள்.

நத்தைக்கெல்லாம் ஆராய்ச்சிப் பணமா என்பவர்களுக்கு: அதே வகை மரபணு தவளைக் கருவிலும் இடம் வலம் பிரிப்பதில் பங்கேற்கிறது. என்னைக் கேட்டால், வலம்புரி செல்வம் தரும் என்று லட்சங்களைக் கொட்டுவதைவிட இது நல்ல செலவு.

சரி, வாங்கியே தீருவேன் என்றால் உள்ளே எட்டிப் பாருங்கள். அமெரிக்கக் கரையோரத்தில் இயல்பிலேயே இடச்சுருளாக வளரும் வேறொரு சங்கை வலம்புரி என்று விற்கிறார்கள். நம் சங்கின் நடுத்தண்டில் மூன்று நான்கு மடிப்புகள் ஓடும், அதில் இருக்காது.