ரேஷன் அரிசி வீட்டுக்கு ஓட்ஸ் டயட் எழுதாதீர்கள்

"ஒருவேளைதான் சாப்பிடுறேன், அப்புறம் எப்படி உடம்பு போடுது?" வீட்டு வேலைக்குப் போகும் பெண்களும் நாளெல்லாம் தையல் மிஷினில் உட்காரும் பெண்களும் கேட்கிற கேள்வி இது. இதற்குப் பதிலாக அவர்கள் கையில் திணிக்கப்படுவது ஒரு ஜெராக்ஸ் டயட் சார்ட். காலையில் ஓட்ஸ், பதினொரு மணிக்குப் பச்சை ஆப்பிள், மதியம் சாலட், தாளிக்க ஆலிவ் எண்ணெய், மாலையில் முக்கால் மணி நேரம் வாக்கிங். மறுமாதம் எடை குறையவில்லையென்றால் "நீங்க சொன்னபடி கேட்கல" என்று திட்டும் கிடைக்கும். அந்தச் சார்ட்டை எழுதியவர்களிடம்தான் கோபம் வருகிறது, வாங்கிப் போனவரிடம் இல்லை.

உடல் பருமன் பணக்கார வியாதி என்ற எண்ணம் இன்னும் போகவில்லை. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு என்ன சொல்கிறது பாருங்கள். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் உடல் நிறைக் குறியீடு (BMI, உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு) 25-ஓ அதற்கு மேலோ, அதாவது கூடுதல் எடையோடு, இருந்தவர்கள் 2015-16இல் 30.9 சதவீதம். 2019-21இல் 40.4 சதவீதம். பத்துப் பெண்களில் நான்கு பேர். தமிழ்நாட்டில் பத்துக்கு நான்கு பேர் பணக்காரர்களா? வசதியானவர்களிடம் விகிதம் இன்னும் கூடுதல்தான், மறுக்கவில்லை. ஆனால் அவர்களுக்கு வழியும் உண்டு. 2025இல் இந்தியாவுக்கு வந்த எடைக் குறைப்பு ஊசி ஒன்றின் ஆரம்ப அளவுக்கே அப்போது மாதம் 14,000 ரூபாய் ஆனது. வீடு துடைத்துச் சம்பாதிப்பவருக்கு அது முழு மாதச் சம்பளம்.

இன்னொன்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதே 2019-21 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பல பெண்களுக்கு ஒரே உடம்பில் கூடுதல் எடையும் ரத்தக் குறைவும் சேர்ந்தே இருக்கின்றன. "நல்லா சாப்பிட்டு வளர்ந்த உடம்பு" என்று யாரையும் பார்த்துச் சொல்லாதீர்கள். சத்தில்லாமல் சாப்பிட்டு வளர்ந்த உடம்பு அது.

எப்படி என்று ரேஷன் பையை வைத்தே கணக்குப் போடலாம். நான்கு பேர் இருக்கும் வீட்டுக்கு மாதம் 20 கிலோ இலவச அரிசி வந்தால், ஆளுக்கு நாளொன்றுக்கு 167 கிராம், ஏறத்தாழ 580 கலோரி. 30 ரூபாய்க்குக் கிடைக்கும் 1 கிலோ துவரம் பருப்பை அதேபோல் பிரித்தால் ஆளுக்கு நாளொன்றுக்கு 8 கிராம். அதில் புரதம் 2 கிராம்கூட இல்லை. ஒரு பெண்ணுக்கு நாளொன்றுக்குத் தேவை சுமார் 45 கிராம். வயிறு நிறைய மலிவான வழி சோறும் எண்ணெயும் சர்க்கரையும் மட்டுமே என்றால், பசி அடங்காத உடம்பு அவற்றையே மறுபடி கேட்கும். இதில் சோம்பேறித்தனம் எங்கே வந்தது?

"ஒருவேளைதான்" என்பதும் பொய்யில்லை. காலையில் ஒன்றும் சாப்பிடாமல் கிளம்பி, இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்ட டீ நான்கு, நடுவில் வடையோ பன்னோ, இரவு பத்து மணிக்குத் தட்டு நிறையச் சோறு. அந்த நான்கு டீயில் சர்க்கரை மட்டுமே 40 கிராம், 160 கலோரி. டீயை யாரும் சாப்பாட்டில் சேர்ப்பதில்லை.

அதனால் சோற்றை நிறுத்தச் சொல்லாதீர்கள். ஆளுக்கு ஒரு கைப்பிடி அரிசியைக் குறைத்து, ஒரு கைப்பிடி பயறு சேருங்கள். 30 கிராம் பயறில் சுமார் 7 கிராம் புரதம். அதே எடை மீல்மேக்கரில் 15 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம். பச்சைப்பயறையும் தட்டைப்பயறையும் இரவே ஊறவைத்து, காலையில் குக்கரில் சோற்றுக்கு மேல் தட்டில் வைத்தால் தனி கேஸ் செலவில்லை. கொண்டைக்கடலை அந்த விசிலில் வேகாது, அதைத் தனியாகத்தான் வேகவைக்க வேண்டும். வேர்க்கடலை நல்லதுதான், ஆனால் ஒரு சிறங்கைக்கு மேல் வேண்டாம். நீலகிரி, தர்மபுரி மாவட்டங்களில் அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு தரும் திட்டம் 2023இல் வந்தது. அங்கே இருப்பவர்கள் கேட்டு வாங்குங்கள். எண்ணெய் ஆளுக்கு மாதம் அரை லிட்டர். பாக்கெட்டை நேராக வாணலியில் சாய்க்கும் வீட்டில் இந்தக் கணக்கு நிற்காது. பாட்டிலில் ஊற்றி ஸ்பூனால் எடுங்கள். டீயில் வாரத்துக்கு அரை ஸ்பூன் சர்க்கரையாகக் குறைத்தால் நாக்கு பழகிவிடும்.

வாக்கிங் விஷயத்துக்கு வருகிறேன். சென்னையின் கண்ணகி நகர், பெரும்பாக்கம் போன்ற மறுகுடியேற்றக் குடியிருப்புகளிலிருந்து நகருக்குள் வேலைக்கு வருபவருக்குப் பஸ்ஸிலேயே மணிக்கணக்கு போகிறது. இருட்டிய பிறகு வீடு திரும்பும் பெண்ணிடம் "தெருவில் நடங்க" என்பது என்ன ஆலோசனை? ஒரு ஸ்டாப் முன்னால் இறங்கிப் பத்து நிமிடம் வேகமாக நடக்கட்டும், பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அதுதான் வேகம். தையல் வேலை செய்பவர்கள் கை ஊன்றாமல் பத்து முறை எழுந்து உட்காரலாம், நாளுக்கு மூன்று தடவை. தொடை வலுத்தால் முட்டியும் தாங்கும்.

குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனால்தான் குண்டானேன் என்று நம்பிக் கைவிட்டவர்கள் ஏராளம். அந்த ஆபரேஷன் கருக்குழாயை மட்டுமே அடைக்கிறது, சுரப்பி எதையும் தொடுவதில்லை. கர்ப்பத்தில் ஏறிய எடை இறங்காதது காரணமாக இருக்கலாம்.

இடுப்பளவு பார்க்க ஜிம் மிஷின் வேண்டாம். தையல் டேப்பைக் கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்முனைக்கும் நடுவில், மூச்சை விட்ட நிலையில், தோலின் மேல் வைத்து அளக்கவும். சேலைக் கொசுவத்துக்கு மேல் வைத்தால் அளவு தப்பு. பெண்களுக்கு 80 செ.மீ., ஆண்களுக்கு 90 செ.மீ. எல்லை. டேப் இல்லையா, உங்கள் உயரத்துக்கு ஒரு நூலை வெட்டி இரண்டாக மடியுங்கள். அது இடுப்பைச் சுற்றி வர வேண்டும். மக்களைத் தேடி மருத்துவம் ஊழியர் வீட்டுக்கு வந்து பிரஷரும் சர்க்கரையும் பார்க்கும்போது, இடுப்பையும் அளந்து எழுதச் சொல்லிக் கேளுங்கள், தயவுசெய்து.

70 கிலோ இருப்பவர் ஆறு மாதத்தில் மூன்றரை கிலோ குறைத்தாலே சர்க்கரையிலும் பிரஷரிலும் வித்தியாசம் தெரியும். பதினைந்து நாளில் பத்து கிலோ என்று விற்கும் பவுடருக்கு வட்டிக்கு வாங்கிப் பணம் கட்டாதீர்கள். சர்க்கரை நோய்க்குக் கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் டாக்டரிடம் கேட்டு மருந்தின் அளவை மாற்றாமல் விரதம் இருப்பதோ சாப்பாட்டைத் திடீரெனப் பாதியாக்குவதோ கூடாது. சர்க்கரை இறங்கி வேலை இடத்திலேயே மயங்கி விழுவீர்கள். கை நடுங்கி வியர்த்தால் உடனே மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, பதினைந்து நிமிடத்துக்குள் ஏதாவது சாப்பிட வேண்டும்.