ஆறு மாதக் கைமாற்று

பிள்ளையார் சதுர்த்திக்கு வாங்கும் களிமண் பிள்ளையாருக்குக் கண்ணாகக் குன்றிமணி வைத்திருப்பார்கள். பார்க்க அழகான அந்தச் சிவப்பு விதைக்குள் ஏப்ரின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. ஆமணக்கு விதையிலும் இதே வகை நஞ்சு உண்டு, அதன் பெயர் ரிசின். (விளக்கெண்ணெயில் அது வராது, பிண்ணாக்கிலேயே தங்கிவிடும்.) 1890களின் தொடக்கத்தில் பெர்லினில் பால் எர்லிக் என்ற மருத்துவ ஆய்வாளர், இந்த இரண்டு நஞ்சையும் சுண்டெலிகளுக்கு மிகச் சிறிய அளவில் உணவோடு கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக அளவைக் கூட்டிக்கொண்டே போனார். சில வாரங்களில், மற்ற எலிகளைக் கொன்றுவிடும் அளவைப் போலப் பல மடங்கு கொடுத்தாலும் அவை தாங்கிக்கொண்டன.

இந்தத் தாங்கும் சக்தி குட்டிகளுக்கும் போகுமா என்று அடுத்ததாகப் பார்த்தார் எர்லிக். தகப்பன் எலி மட்டும் பழகியிருந்தால் குட்டிகளுக்கு எதுவும் போகவில்லை. தாய் பழகியிருந்தால் போனது. அப்புறம் அவர் செய்ததுதான் அபாரமான சோதனை. குட்டிகளை இடம் மாற்றிவிட்டார். நஞ்சுக்குப் பழகாத தாயின் குட்டிகளைப் பழகிய தாயிடம் பால் குடிக்க விட்டார். அந்தக் குட்டிகளும் நஞ்சைத் தாங்கின. பழகிய தாய்க்குப் பிறந்தும் வேறு எலியிடம் பால் குடித்த குட்டிகளுக்கோ, பிறக்கும்போது இருந்த சக்தி சில வாரங்களில் வடிந்துபோனது. 1892இல் இதை வெளியிட்டார். அதாவது இது பரம்பரைச் சொத்து அல்ல. தாய் தன் உடம்பிலிருந்து எடுத்துக் கொடுக்கும் கைமாற்று. கருப்பையில் ஒரு பங்கு, பாலில் ஒரு பங்கு.

கைமாற்றாகப் போவது எது? நம் உடம்பு ஒரு கிருமியைச் சந்தித்தால், அந்தக் கிருமிக்கென்றே அளவெடுத்து ஒரு புரதம் செய்கிறது. எதிர்ப்பொருள் என்று பாடப்புத்தகம் சொல்லும், டாக்டர்கள் ஆன்டிபாடி என்பார்கள். இதில் பல வகை உண்டு. இரத்தத்தில் அதிகம் சுற்றுவது ஐஜிஜி. குடல், மூச்சுக்குழாய் போன்ற ஈரப்பரப்புகளைக் காப்பது ஐஜிஏ. புதுக் கிருமி வந்ததும் அவசரத்துக்கு முதலில் தயாராவது ஐஜிஎம்.

குழந்தை கருப்பையில் இருக்கும்போது தாயின் இரத்தமும் குழந்தையின் இரத்தமும் கலப்பதில்லை. நடுவில் நஞ்சுக்கொடி இருக்கிறது. ஆக்ஸிஜன், சர்க்கரை போன்ற சின்ன மூலக்கூறுகள் அதன் வழியாக எளிதில் கடந்துவிடும். பெரிய புரதங்களுக்குக் கதவு சாத்தியிருக்கும். ஐஜிஜி பெரிய புரதம்தான், இன்சுலினைப் போல இருபத்தைந்து மடங்குக்கு மேல் எடை. ஆனாலும் அதற்கு மட்டும் கதவு திறக்கிறது.

அது திறக்கும் விதம் எனக்கு எத்தனை முறை படித்தாலும் அலுக்காத ஒன்று. நஞ்சுக்கொடியின் வெளிப்பரப்பு தாயின் இரத்தத்தில் நனைந்தபடி இருக்கிறது. அது அந்த இரத்தத்தின் நீர்ப்பகுதியைச் சிறுசிறு மடக்காக விழுங்கிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு மடக்கும் ஒரு குட்டிப் பையாக உள்ளே போகிறது. பைக்குள் புளிப்புத்தன்மை ஏறுகிறது. அங்கே ஒரு பிடிப்பான் காத்திருக்கிறது, எஃப்சிஆர்என் என்று பெயர். புளிப்பில் மட்டுமே அது ஐஜிஜியைப் பற்றிக்கொள்ளும். பற்றாமல் விடுபட்ட மற்றப் புரதங்கள் சிதைக்கப்பட்டுவிடும். பை மறுபக்கம், குழந்தையின் பக்கம், போய்த் திறக்கிறது. அங்கே புளிப்பு இல்லை, இரத்தத்தின் இயல்பான லேசான காரத்தன்மை. பிடிப்பான் கையை விடுகிறது. ஐஜிஜி குழந்தைக்குப் போய்விட்டது. இன்னொரு மடக்கு, இன்னொரு பை.

இப்படி ஒரு பிடிப்பான் இருந்தே ஆகவேண்டும் என்று, அதைக் கண்ணால் பார்ப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே ஊகித்தவர் வேல்ஸில் பாங்கர் நகரில் இருந்த விலங்கியலாளர் ஃபிரான்சிஸ் பிராம்பெல். முயல்களையும் எலிகளையும் வைத்து 1950களில் இந்த முடிவுக்கு வந்தார். பெரியவர்களின் இரத்தத்தில் ஐஜிஜி சிதையாமல் வாரக்கணக்கில் தங்குவதற்கும் இதே பிடிப்பான்தான் காரணம் என்று 1964இல் சொன்னார். இரண்டும் சரியாகவே இருந்தன. பண்ணை விலங்குகளைத் துன்புறுத்தாமல் வளர்ப்பது பற்றி 1965இல் பிரிட்டனில் வந்த புகழ்பெற்ற அறிக்கையும் இவர் தலைமையில் எழுதப்பட்டதுதான்.

ஐஜிஜி கடப்பது கர்ப்பத்தின் 13ஆவது வாரத்தை ஒட்டித் தொடங்குகிறது. ஆனால் ஆரம்பத்தில் சொட்டுச் சொட்டாகத்தான். 28 முதல் 32 வாரத்துக்குள் குழந்தையின் இரத்தத்தில் தாய்க்கு இருப்பதில் பாதி அளவு சேர்கிறது. கடைசி வாரங்களில்தான் வேகம் பிடிக்கிறது. மாதம் நிறைந்து பிறக்கும் குழந்தையிடம் பெரும்பாலும் தாயைவிடச் சற்று அதிகமாகவே ஐஜிஜி இருக்கும். ஏழு மாதத்தில் பிறந்த குழந்தையை அவ்வளவு எச்சரிக்கையாகக் காப்பாற்றவேண்டி வருவதற்கு இதுவும் ஒரு காரணம். அதற்கு வரவேண்டிய பங்கு இன்னும் வந்து சேரவில்லை.

சரி, பாலுக்கு வருவோம். இதை மாட்டிலிருந்து தொடங்கினால்தான் தெளிவாகப் புரியும். மாடு கன்று போட்டதும் விழும் நஞ்சுக்கொடியை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டுவதைக் கிராமங்களில் பார்த்திருப்பீர்கள். அந்த மாட்டு நஞ்சுக்கொடி நம்முடையதைப் போல இல்லை. தாய்க்கும் கன்றுக்கும் நடுவே அதில் அடுக்குகள் அதிகம், ஐஜிஜி கடக்கவே முடியாது. ஆகவே கன்று வெறுங்கையோடு பிறக்கிறது. அதற்கு வரவேண்டிய எல்லாம் சீம்பாலில்தான் இருக்கிறது. கன்றின் குடல் முதல் சில மணி நேரம் அகலத் திறந்திருந்து, சீம்பாலின் எதிர்ப்பொருளை அப்படியே இரத்தத்துக்குள் விடும். ஏறக்குறைய ஒரு நாளில் அது மூடிக்கொள்ளும். அதற்குப் பிறகு எவ்வளவு குடித்தாலும் இரத்தத்தில் சேராது. கருப்பட்டி போட்டுக் காய்ச்சிய சீம்பாலின் ருசி எனக்கும் பிடிக்கும். ஆனால் கன்றுக்கு வயிறு நிறையக் கொடுத்த பிறகு மிஞ்சியதுதான் நமக்கு. கோழி இதை வேறு மாதிரி செய்கிறது: மஞ்சள் கருவில் வைத்து அனுப்பிவிடுகிறது.

மனிதக் குழந்தைக்கு இரத்தப் பங்கு கருப்பையிலேயே கிடைத்துவிட்டதால், நம் தாய்மாரின் சீம்பாலுக்கு வேலை வேறு. அதில் இருப்பது முக்கியமாக ஐஜிஏ. அது குழந்தையின் இரத்தத்துக்குள் போவதில்லை. ஜீரணத்தில் எளிதில் சிதையாதபடி ஒரு கூடுதல் உறை போர்த்தி வருகிறது. வாய், தொண்டை, குடல் என்று போகிற வழியெல்லாம் பூச்சு பூசியதுபோல் படிந்து, கிருமிகள் குடல் சுவரில் ஒட்டிக்கொள்ள விடாமல் தடுக்கிறது. முதல் ஓரிரு நாள் சீம்பாலில் இது லிட்டருக்குப் பத்து கிராம் அளவுக்குக்கூட இருக்கும். சில வாரங்களில் ஒரு கிராம் அளவுக்கு இறங்கிவிடும். ஆனால் அதற்குள் குழந்தை குடிக்கும் பாலின் அளவு ஏறிவிடுவதால், குழந்தைக்கு நாள்தோறும் கணிசமாகவே கிடைத்துக்கொண்டிருக்கும்.

அந்த ஐஜிஏ எந்தெந்தக் கிருமிக்கு எதிரானது என்பதில் ஒரு நுட்பம் இருக்கிறது. தாயின் குடல் சுவரில் கிருமிகளைக் கண்காணிக்கும் இடங்கள் உண்டு. அங்கே ஒரு கிருமியை அடையாளம் கண்டுகொண்ட செல்கள், கர்ப்பத்தின் கடைசிக் கட்டத்திலும் பால் கொடுக்கும் காலத்திலும் இரத்தம் வழியாகப் பயணம் போய் மார்பகத்தில் குடியேறுகின்றன. அங்கே உட்கார்ந்து, தாங்கள் கண்ட அந்தக் கிருமிக்கான ஐஜிஏவைப் பாலில் விடுகின்றன. தாய் குடிக்கும் அதே தண்ணீர், புழங்கும் அதே வீடு, அதே கிருமிகள்தானே குழந்தையையும் சுற்றியிருக்கின்றன! எந்த டப்பாவில் வரும் பால்மாவும், எத்தனை சத்து சேர்த்தாலும், உங்கள் வீட்டுக் கிருமிகளை அறிந்திருக்க முடியாது.

இது தெரிந்த பிறகு, சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டுவதைக் கேட்டால் மனசு பதறுகிறது. மஞ்சளாகப் பிசுபிசுப்பாக இருப்பதால் கெட்ட பால் என்று நினைத்தார்கள். சேனை தொட்டு வைக்கிறோம் என்று சீனித் தண்ணீர், கழுதைப்பால், தேன் என்று எதையெதையோ நாக்கில் வைத்தார்கள். அன்பினால் செய்ததுதான். ஆனாலும் குடலில் முதலில் படியவேண்டிய பூச்சு படியாமல் போகிறது, வெளிக் கிருமிக்கு முதல் இடம் கிடைக்கிறது. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால், ஆறு மாதம் வரை அது மட்டுமே என்று உலக சுகாதார நிறுவனம் வலியுறுத்துவதன் பின்னால் இந்தக் கணக்கும் இருக்கிறது.

பால் சுரக்காமல், அல்லது உடல்நிலையால் கொடுக்க முடியாமல் தவிக்கும் தாய்மார்கள் இதைப் படித்துக் கலங்கவேண்டாம். நஞ்சுக்கொடி வழியாகப் போன பங்கு ஏற்கனவே பத்திரமாகக் குழந்தையிடம் போய்விட்டது, அதை யாராலும் திரும்ப எடுக்க முடியாது. குறைமாதக் குழந்தைகளுக்காகத் தாய்ப்பால் வங்கிகளும் இருக்கின்றன. அங்கே பாலை 62.5 டிகிரியில் அரை மணி நேரம் சூடாக்கும்போது ஐஜிஏவில் ஒரு பகுதி குறையும். ஆனால் நல்ல பாக்டீரியாவுக்கு உணவாகும் பாலின் தனிச் சர்க்கரைகள் அப்படியே தங்கும்.

இனி அந்தக் கதவின் இன்னொரு பக்கம். பிடிப்பானுக்கு நல்ல ஐஜிஜி, கெட்ட ஐஜிஜி என்ற பாகுபாடு தெரியாது. சிவப்பணுக்களில் ஆர்எச் என்ற புரதம் இல்லாத (ஆர்எச் நெகட்டிவ்) தாய்க்கு, அது உள்ள (ஆர்எச் பாசிட்டிவ்) குழந்தை பிறக்கும்போது குழந்தையின் இரத்தம் கொஞ்சம் தாய்க்குள் கலந்தால், தாயின் உடம்பு அதை அந்நியமாக நினைத்து எதிர்ப்பொருள் செய்கிறது. முதல் குழந்தை பெரும்பாலும் தப்பித்துவிடும். அடுத்த கர்ப்பத்தில் அந்த ஐஜிஜி கதவைத் தாண்டிப் போய்க் குழந்தையின் சிவப்பணுக்களை அழிக்கும். 1968இல் புழக்கத்துக்கு வந்த ஆன்டி-டி ஊசியை முதல் பிரசவமான 72 மணி நேரத்துக்குள் போட்டால், தாயின் உடம்பு அப்படிப் பழகுவதற்கு முன்பே தடுத்துவிடலாம். தசைகளைத் தளரவைக்கும் மயஸ்தீனியா நோய் உள்ள தாய்க்குப் பிறக்கும் சில குழந்தைகள், தாயின் ஐஜிஜியால் பாலை உறிஞ்சக்கூடச் சக்தியில்லாமல் இருக்கும். சில வாரங்களில் அந்த ஐஜிஜி தேய்ந்ததும் தானாகவே தேறிவிடும்.

எச்ஐவி உள்ள தாயின் குழந்தைக்கு வழக்கமான ஆன்டிபாடி பரிசோதனை செய்தால் பாசிட்டிவ் என்றுதான் வரும், குழந்தைக்குத் தொற்றே இல்லாவிட்டாலும். பரிசோதனை கண்டுபிடிப்பது தாயின் ஐஜிஜியை. அது 18 மாதம் வரைகூடத் தடயமாக நிற்கலாம். ஆகவேதான் குழந்தைக்கு வைரஸையே நேரடியாகத் தேடும் பிசிஆர் பரிசோதனை செய்கிறார்கள். அந்த முதல் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நொறுங்கிப்போகும் பெற்றோருக்கு யாராவது இதை நிதானமாக விளக்கிச் சொல்லவேண்டும். இதற்கு நேர்மாறாக, ஐஜிஎம் கதவைத் தாண்டாது. பிறந்த குழந்தையின் இரத்தத்தில் ரூபெல்லாவுக்கான ஐஜிஎம் இருந்தால், அதைக் குழந்தையே செய்திருக்கிறது, கருப்பையிலேயே தொற்று வந்துவிட்டது என்று பொருள்.

கதவின் இந்தத் தன்மையைத் தெரிந்தே பயன்படுத்தும் மருத்துவம்தான் கர்ப்பிணிகளுக்குப் போடும் டிடி ஊசி. அது தடுக்கும் ரணஜன்னியின் (டெட்டனஸ்) கிருமி மண்ணிலும் சாணத்திலும் இருக்கிறது. சுத்தமில்லாத கத்தியால் தொப்புள்கொடியை அறுத்தாலோ, அறுத்த இடத்தில் சாணமோ சாம்பலோ வைத்தாலோ, அங்கே புகுந்துவிடும். பிறந்த நாளில் குழந்தைக்கு ஊசி போட்டுப் பயனில்லை, அதன் உடம்பு எதிர்ப்பொருள் செய்து முடிப்பதற்குள் காலம் கடந்துவிடும். தாய்க்கு முன்கூட்டியே நான்கு வார இடைவெளியில் இரண்டு ஊசி போட்டால், அவள் செய்யும் ஐஜிஜி கதவைத் தாண்டிக் குழந்தைக்குத் தயாராகக் காத்திருக்கும். 1988இல் மட்டும் உலகில் 7,87,000 பச்சிளங்குழந்தைகள் ரணஜன்னியால் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணித்தது. 2018இல் அது 25,000 ஆகக் குறைந்திருந்தது. சுத்தமான பிரசவமும் இந்த ஊசியும் சேர்ந்து செய்த வேலை இது. 2015இல், தாய் சேய் ரணஜன்னி ஒழிக்கப்பட்ட நாடாக இந்தியா அறிவிக்கப்பட்டது.

கைமாற்று என்றால் தவணை உண்டு. தாய் தந்த ஐஜிஜி சுமார் மூன்று வாரத்துக்கு ஒருமுறை பாதியாகிறது. பன்னிரண்டு வாரத்தில் பதினாறில் ஒரு பங்கு. ஆறு மாதத்தில் பெரும்பாலும் தீர்ந்துவிடும். குழந்தை தன் சொந்தக் கணக்கைத் தொடங்கியிருக்கும், ஆனால் இன்னும் நிரம்பியிருக்காது. மூன்று மாதத்திலிருந்து ஆறு மாதம் வரை இரத்தத்தில் ஐஜிஜி மிகக் குறைந்து நிற்கும்.

இங்கேதான் தட்டம்மை ஊசியின் கணக்கு வருகிறது. ஊசியில் இருப்பது வலுவிழந்த உயிருள்ள வைரஸ். தாயின் ஐஜிஜி குழந்தையிடம் இன்னும் மிஞ்சியிருந்தால் அது அந்த வைரஸை முடக்கிவிடும், குழந்தையின் உடம்புக்குப் பாடம் படிக்க எதுவும் கிடைக்காது. ரொம்பத் தாமதித்தாலோ நோயே முந்திக்கொள்ளும். இந்த இரண்டுக்கும் நடுவே பார்த்து இந்தியாவில் 9 மாதத்தில் முதல் ஊசி, 16 முதல் 24 மாதத்துக்குள் இரண்டாவது என்று வைத்திருக்கிறார்கள். தட்டம்மை அபூர்வமாகிவிட்ட அமெரிக்காவில் ஒரு வயது வரை காத்திருக்க முடிகிறது.

சிறுவயதில் தட்டம்மை வந்து எழுந்த பழைய தலைமுறைத் தாய்மார்களிடம் எதிர்ப்பொருள் ஏராளமாக இருந்தது. குழந்தைக்கும் அதிகம் போனது, அதிக நாள் நின்றது. ஊசியால் காக்கப்பட்டு வளர்ந்த இன்றைய தாய்மார்களிடம் அதன் அளவு குறைவு. அதனால் அவர்களுடைய குழந்தைகளின் கைமாற்று இன்னும் சீக்கிரமே தீர்ந்துவிடுகிறது, ஒன்பதாவது மாத ஊசிக்கு நாள் இருக்கும்போதே. அந்த இடைப்பட்ட மாதங்களில் குழந்தையைத் தட்டம்மை அண்டாமல் பார்த்துக்கொள்வது, அதைத் தூக்கிக் கொஞ்சும் அண்ணன், அக்கா, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் நேரத்தில் போட்டுக்கொண்ட ஊசிதான்.