கரோட்டிட் எண்டார்டெரெக்டமி: சொல்லும் ஸ்கேனும்

குரல்வளைக்குப் பக்கவாட்டில் விரல் வைத்தால் துடிப்பது, மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோட்டிட் தமனி. 'மயக்கத்தில் ஆழ்த்து' என்று பொருள்படும் கிரேக்க வினைச்சொல்தான் இந்தப் பெயருக்கு வேர். அந்தத் தமனியை அழுத்தினால் ஆள் மயங்கிவிடுவார் என்று பழங்காலத்தில் நம்பினார்கள். தமிழில் கழுத்துத் தமனி என்கிறோம். இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் தமனிக்கு நாடி என்று பெயர்.

எண்டார்டெரெக்டமியும் கிரேக்கம்தான்: எண்டோ உள்ளே, ஆர்ட்டீரியா தமனி, எக்டோமே வெட்டியெடுத்தல். தமனியைத் திறந்து, கொழுப்பு படிந்து தடித்த உள்படலத்தை உரித்தெடுப்பார்கள். 'அடைப்பு நீக்கம்' என்று பலர் எழுதுகிறார்கள். தமனியை விரித்துப் பிடிக்கும் வலைக்குழாயான ஸ்டென்ட் வைப்பதையும் அப்படித்தானே சொல்கிறோம்? அதனால் 'கழுத்துத் தமனி உட்படிவு அகற்றல்' என்பதே பொருத்தம் என்பேன்.

1950களில் தொடங்கிய சிகிச்சை இது. பக்கவாத அறிகுறி வந்தவர்களில், தமனி 70 சதவீதத்துக்கு மேல் சுருங்கியிருந்தால் தெளிவான பலன் உண்டு என்று 1991-இல் வெளியான வட அமெரிக்க ஆய்வு காட்டியது. இரண்டு ஆண்டுகளில் அந்தத் தமனி இருக்கும் பக்கத்து மூளையில் பக்கவாதம் வரும் வாய்ப்பு 26 சதவீதத்திலிருந்து 9 ஆகக் குறைந்தது.

கத்தி கழுத்தில் படுகிறது, காக்க வேண்டியது மூளையை. அதனால்தான் முன்கூட்டியே சிடி அல்லது எம்ஆர்ஐ எடுக்கிறார்கள். கை மரத்துப்போவது போன்ற அறிகுறிக்குக் காரணம் ரத்தக்கசிவோ கட்டியோ அல்ல என்று முதலில் உறுதியாக வேண்டும். அப்புறம், திசு செத்த இடம் எவ்வளவு பெரியது என்று பார்ப்பார்கள். புதிதாகப் பெரிய பாதிப்பு இருந்தால் அறுவையைத் தள்ளிப்போடுவதும் உண்டு. சிலருக்கு, தெரியாமலே வந்துபோன பழைய பாதிப்பின் தழும்பும் படத்தில் இருக்கும். அதைக் குறித்து வைக்காவிட்டால், பிறகு எது புதிது என்று பிரிக்க முடியாது.

அறுவைக்குப் பிறகு எல்லோருக்கும் ஸ்கேன் தேவையில்லை. ஆனால் புதிய பாதிப்பைத் துல்லியமாகக் காட்டும் டிஃப்யூஷன் எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்த ஓர் ஆய்வில், அறுவை செய்தவர்களில் 17 சதவீதம் பேருக்கும் ஸ்டென்ட் வைத்தவர்களில் 50 சதவீதம் பேருக்கும் மூளையில் புதுப் பாதிப்புப் புள்ளிகள் தெரிந்தன. அவர்களில் பெரும்பாலோருக்கு வெளியே எந்த அறிகுறியும் இல்லை.

வீட்டார் கவனிக்க வேண்டியது வேறொன்று. நெடுநாள் குறைவான ரத்தத்துக்குப் பழகிய மூளைக்குள் திடீரென்று ரத்தம் பெருகும்போது, சிலருக்குச் சில நாட்களில் அறுவை செய்த பக்கமே கடுமையாகத் தலை வலிக்கும். வலிப்பும் வரலாம், ரத்தம் கசியலாம். காயத்தின் வலிதான் என்று மாத்திரை போட்டுப் படுக்க வைக்காதீர்கள். ரத்த அழுத்தத்தைப் பார்த்து, உடனே சிடி எடுக்க வேண்டிய நேரம் அது.