ஜெர்மனியில் வேலை போனால்: கையெழுத்துப் போடும் முன் படியுங்கள்

அறைக்குக் கூப்பிடுவார்கள். மேஜையில் இரண்டு தாள் இருக்கும். "இதில் கையெழுத்துப் போடுங்கள், மூன்று மாதச் சம்பளம் தருகிறோம், சுமுகமாக முடித்துக்கொள்வோம்" என்பார்கள். சென்னையில் ஹெச்.ஆர். கேட்டதும் ராஜினாமா எழுதிக் கொடுத்துப் பழகிய நம் ஆட்கள் அங்கேயே போட்டுவிடுகிறார்கள். எனக்கு போன் வருவது அதற்குப் பிறகுதான்.

அந்தத் தாளின் பெயர் அவுஃப்ஹேபுங்ஸ்ஃபெர்ட்ராக். நீங்களே சம்மதித்து வேலையை விட்டதாக ஆகிவிடும். அதனால் வேலையின்மைப் பணம் வழக்கமாக 12 வாரம் கிடைக்காது. 12 வாரம் தள்ளிப்போகிறது, அவ்வளவுதானே என்று நினைக்காதீர்கள்; உங்களுக்குச் சேர வேண்டிய மொத்த மாதங்களில் குறைந்தது கால் பங்கு அடியோடு போய்விடும். நீங்களாக ராஜினாமா செய்தாலும் இதே கதி. "வீட்டில் படித்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்று தாளை வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள். அன்றைக்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

அவர்களே வேலையை விட்டு நீக்கினால், அது மையால் கையெழுத்திட்ட கடிதமாக இருக்க வேண்டும். மின்னஞ்சல், வாட்ஸ்அப், பி.டி.எஃப். எதுவும் செல்லாது. கடிதம் கைக்கு வந்த நாளிலிருந்து 3 வாரத்துக்குள் தொழிலாளர் நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம். வக்கீல் இல்லாமல் நேரில் போயும் கொடுக்கலாம். 3 வாரம் தாண்டினால் அநியாயமான நீக்கமும் செல்லுபடியாகிவிடும். ஆனால் பணிப் பாதுகாப்புச் சட்டம் 6 மாதம் வேலை பார்த்தவர்களுக்கும், 10 பேருக்கு மேல் உள்ள நிறுவனங்களுக்கும்தான். சின்ன ஸ்டார்ட்அப்பில் இருப்பவர்கள் இதைப் பெரிதாக நம்ப வேண்டாம்.

முதலாளித்துவம் எல்லா ஊரிலும் ஒன்றல்ல. அமெரிக்காவில் நீக்குவது சுலபம். பெரும்பாலான மாநிலங்களில் வேலையின்மை உதவி 26 வாரத்தோடு சரி, ஹெச்-1பி விசாக்காரருக்கு வேறு வேலை தேட 60 நாள் அவகாசம். டென்மார்க்கிலும் நீக்குவது சுலபம்தான், ஆனால் வேலையின்மை நிதியில் சேர்ந்தவருக்கு 2 வருடம் வரை பணம் வரும். ஜெர்மனி நீக்குவதையும் கடினமாக்கியது, வேலையின்மைக் காப்பீடும் வைத்தது. சம்பளத்தில் 2.6 சதவீதம், பாதி உங்களுடையது. எனவே கூச்சப்படாமல் கேளுங்கள், நீங்கள் கட்டிய பணம்.

கடைசி 30 மாதத்தில் 12 மாதம் கட்டியிருந்தால் தகுதி உண்டு. பிடித்தம் போகக் கைக்கு வந்த சம்பளத்தில் ஏறத்தாழ 60 சதவீதம், குழந்தை இருந்தால் 67. ஒரு வருடம் கட்டியவருக்கு 6 மாதம், 2 வருடம் கட்டியவருக்கு ஒரு வருடம்.

இனி எல்லோரும் விழும் பள்ளம். அரசு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் செய்ய வேண்டிய பதிவு ஒன்றல்ல, இரண்டு. "வேலை தேடுகிறேன்" என்பது முதல் பதிவு. வேலை முடிய 3 மாதம் இருக்கும்போதே செய்ய வேண்டும்; தாமதமாகத் தெரியவந்தால், தெரிந்த 3 நாளுக்குள். தவறினால் ஒரு வாரப் பணம் போச்சு. "வேலை இல்லை" என்பது இரண்டாவது. வேலையில்லாத முதல் நாளுக்குள் இதைச் செய்தாக வேண்டும். முதலாவதை ஆன்லைனில் முடித்துவிட்டு, எல்லாம் ஆயிற்று என்று மூன்று வாரம் வீட்டில் உட்கார்ந்திருந்த ஒருவரை எனக்குத் தெரியும். அந்த மூன்று வாரத்துக்கு அவருக்கு ஒரு யூரோகூட வரவில்லை. "எங்கள் தளத்தில் எழுதியிருக்கிறதே" என்றார் அதிகாரி. எழுதியிருந்தது, ஜெர்மனில்.

அடுத்தது சான்றிதழ் அலைச்சல். உங்கள் சம்பள விவரத்தை நிறுவனம்தான் மின்வழியாக அனுப்ப வேண்டும். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் கேட்டால் "வரவில்லை", நிறுவனத்தில் கேட்டால் "அனுப்பிவிட்டோம்". நடுவில் பந்தாக உருளாதீர்கள். ஃபோர்ஷுஸ், அதாவது முன்பணம், வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். உரிமை உண்டு என்பது உறுதியாகி, தொகை கணக்கிடுவதில்தான் தாமதம் என்றால், கேட்ட ஒரு மாதத்துக்குள் முன்பணம் தர வேண்டும். பணம் நிறுத்தி ஆணை வந்தால் மறுப்பு எழுத ஒரு மாதம்தான்.

வேலை போன சோகத்தில் ஊருக்கு டிக்கெட் போடாதீர்கள். முன் அனுமதி இல்லாமல் போனால் பணம் நிற்கும். அனுமதியும் பொதுவாக வருடத்துக்கு 3 வாரம்தான்.

ப்ளூ கார்டு (படித்த வெளிநாட்டவருக்கான வேலை விசா) வைத்திருப்பவர்கள் வேலை போவது தெரிந்த 2 வாரத்துக்குள் வெளிநாட்டவர் அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும். அங்கே அப்பாயின்ட்மென்ட் கிடைக்காது. அதற்காகச் சும்மா இருந்துவிடாதீர்கள். மின்னஞ்சல் அனுப்பி நகலை வைத்துக்கொள்ளுங்கள். கார்டு காலாவதி தேதியையும் பாருங்கள்: வேலை செய்யும் அனுமதி முடிந்தால் பணமும் முடியும். காப்பீட்டுப் பணம் வாங்குவதால் விசாவுக்குக் கெடுதல் இல்லை. சமூக உதவித்தொகை வேறு. அதற்கு விண்ணப்பிக்கும் முன் விசா தெரிந்த ஒருவரிடம் கேட்டுவிடுங்கள்.

இரண்டாவது பதிவை ஆன்லைனில் செய்ய ரெசிடென்ஸ் கார்டின் PIN (ரகசிய எண்) வேண்டும். அந்த எண் வந்த கடிதம் எந்த அலமாரியில் கிடக்கிறது என்று இன்றைக்கே தேடி எடுத்து வையுங்கள்.