சீல் உடைக்காத சிரப் பாட்டில்

போன வாரமும் அதே கதை. மதியம் குடலிறக்க ஆபரேஷன் முடிந்து, சாயங்காலம் சிரித்துக்கொண்டே பாம்பனுக்குப் போன மூன்று வயதுப் பையன், நள்ளிரவில் வாடகைக் காரில் ராமநாதபுரத்துக்கே திரும்பி வந்தான். தையல் பிரிந்துவிட்டது என்று அம்மா ஒரே அழுகை. தையல் அப்படியேதான் இருந்தது. நான் எழுதிக் கொடுத்த பாராசிட்டமால் சிரப்பும் பையில் அப்படியே இருந்தது, சீல்கூட உடைக்காமல்.

"பிள்ளை அழவே இல்லையே டாக்டரய்யா, அதான் கொடுக்கலை" என்றார் அப்பத்தா.

எப்படி அழுவான்? மயக்கத்தில் இருக்கும்போதே முதுகுத்தண்டின் அடியில் மரத்துப்போகும் ஊசி போட்டுத்தான் அனுப்பினேன். அது 4 முதல் 6 மணி நேரம் தாங்கும், அவ்வளவுதான். வீட்டில் பாய் விரிக்கும் நேரத்துக்கு மரப்பு விட்டுவிடும். வலி உச்சிக்கு ஏறியபின் சிரப்பை ஊற்றினால் பாதியைத் துப்புவான், மீதி வேலை செய்ய அரைமணி நேரமாவது ஆகும். அதனால்தான் முதல் இரண்டு நாள், அழுதாலும் அழாவிட்டாலும் ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை கொடுங்கள் என்று தலைபாடாக அடித்துக்கொள்கிறோம்.

அழாத பிள்ளைக்கு வலி இல்லை என்று யார் சொன்னது? சொன்னால் ஊசி போடுவார்கள் என்று பயந்தே வலியை மறைக்கும் பிள்ளைகள் உண்டு. காலை மடக்கிக்கொண்டு, அசையாமல், செல்போனைக்கூடத் தள்ளிவிட்டுப் படுத்திருந்தால் அது சமத்து இல்லை, வலி. டாக்டர்களுக்கே இது தாமதமாகத்தான் உறைத்தது. 1980கள் வரை வெளிநாட்டுப் பெரிய மருத்துவமனைகளிலேயே பச்சிளங்குழந்தைகளுக்குப் போதிய வலிமருந்து இல்லாமல் ஆபரேஷன் நடந்திருக்கிறது.

பாராசிட்டமால் அளவு வயதுக்கு இல்லை, எடைக்கு. ஒரு தடவைக்கு, கிலோவுக்கு 15 மில்லிகிராம்; நாளுக்கு நாலு தடவைக்கு மேல் வேண்டாம். 12 கிலோ பிள்ளைக்கு 180 மில்லிகிராம்: 5 மில்லியில் 120 மில்லிகிராம் உள்ள பாட்டில் என்றால் 7.5 மில்லி, 250 உள்ளது என்றால் 3.6 மில்லிதான். பாட்டிலை மாற்றினால் அளவும் மாறும், லேபிளைப் பாருங்கள். சமையலறைக் கரண்டி வேண்டாம். சளி சிரப்பிலும் பாராசிட்டமால் இருக்கலாம், இரண்டையும் சேர்த்து ஊற்றாதீர்கள். பெரியவர்களுக்கு வாங்கி வீட்டில் மிச்சமிருக்கும் மாத்திரையை உடைத்துக் கொடுக்கவே கூடாது. நிமெசுலைடு என்ற வலி, காய்ச்சல் மருந்து 12 வயதுக்குட்பட்டவர்களுக்கு 2011லேயே தடைசெய்யப்பட்டது, இன்னும் சில வீட்டு டப்பாக்களில் பார்க்கிறேன்.

மருந்து கொடுத்தும் வலி அடங்கவில்லை, எழுப்பினால் எழவில்லை, வாந்தி நிற்கவில்லை, சிறுநீர் போகவில்லை என்றால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

டிஸ்சார்ஜ் ஆகும்போது மீன் கொடுக்கலாமா, புண் சீழ் வைக்குமா என்று பத்துத் தடவை கேட்கிறீர்கள். தாராளமாகக் கொடுங்கம்மா, முள் பார்த்து. கூடவே இதையும் ஒரு தடவை கேளுங்கள்: அடுத்த டோஸ் எத்தனை மணிக்கு?