எடை குறைந்த குழந்தையை வீட்டுக்கு அனுப்பும் முன்: அரசு மருத்துவமனையில் தாய் கேட்டுப் பெற வேண்டியவை

பிறந்தபோது 2.5 கிலோவுக்குக் குறைவாக இருந்து, பச்சிளம் குழந்தைகள் சிகிச்சைப் பிரிவில் வைத்துப் பராமரிக்கப்படும் குழந்தையைப் பற்றி, "இத்தனை கிலோ வந்தால் விட்டுவிடுவார்கள்" என்றுதான் வார்டுக்கு வெளியே காத்திருக்கும் உறவினர்கள் பேசிக்கொள்கிறார்கள். குழந்தையைத் தாயின் மார்போடு தோலோடு தோல் படும்படி அணைத்து வைப்பதுதான் கங்காரு பராமரிப்பு. அதற்காக மத்திய சுகாதார அமைச்சகம் 2014இல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை. குழந்தைக்கு நோய்த்தொற்று இருக்கக் கூடாது. தாய்ப்பாலை நன்றாகக் குடிக்க வேண்டும். தொடர்ந்து மூன்று நாட்களாவது எடை கூடிவந்திருக்க வேண்டும். சாதாரண அறை வெப்பத்தில் உடல் சூட்டைத் தக்கவைத்துக்கொள்ள வேண்டும். இவற்றோடு, குழந்தையைத் தானே பார்த்துக்கொள்ள முடியும் என்ற நம்பிக்கை தாய்க்கு வந்திருக்க வேண்டும் என்பதும் ஒரு நிபந்தனையாகவே சேர்க்கப்பட்டுள்ளது. நெரிசல் மிகுந்த வார்டுகளில் எளிதில் விடுபட்டுப்போவது இதுதான் என்பதால், பழகாத வேலை ஏதேனும் இருந்தால், கற்றுக்கொடுத்த பிறகு அனுப்புங்கள் என்று செவிலியரிடம் கேட்பதற்குத் தாய் தயங்க வேண்டியதில்லை.

அந்தப் பழக்கம் வர வேண்டுமானால் தாய் உள்ளே இருக்க வேண்டும். குழந்தையின் பராமரிப்பில் குடும்பத்தையும் பங்கேற்கச் செய்வதற்கான வழிகாட்டுதல்களை அதே அமைச்சகம் 2017இல் வெளியிட்டது. கைகழுவும் முறை, உரிய உடை போன்ற விதிகளுக்கு உட்பட்டு, பெற்றோர் சிகிச்சைப் பிரிவுக்குள் வந்து குழந்தையைத் தொட்டுப் பராமரிக்கவும், செவிலியர் மேற்பார்வையில் பயிற்சி பெறவும் அவை இடமளிக்கின்றன.

முதலில் பழக வேண்டியது கங்காரு பராமரிப்பு. தொப்பி, காலுறை, இடுப்புத் துணி தவிர வேறு உடையின்றிக் குழந்தையைத் தாயின் மார்பில் நிமிர்ந்த நிலையில் தோலோடு தோல் படும்படி வைத்து, மூச்சுக்குத் தடையில்லாமல் தலையை ஒரு பக்கம் திருப்பி, கால்களைத் தவளையைப் போல் மடக்கி, துணியால் சுற்றிக் கட்ட வேண்டும். ஒருமுறை வைத்தால் குறைந்தது ஒரு மணி நேரமாவது அப்படியே இருக்க வேண்டும். நாளொன்றுக்கு 8 முதல் 24 மணி நேரம் வரை என்பது உலக சுகாதார நிறுவனம் 2022இல் செய்த பரிந்துரை. வீட்டு வேலைக்கு நடுவே ஒருவரால் மட்டும் இது ஆகாது. ஆகவே தந்தையும் பாட்டியும் டிஸ்சார்ஜுக்கு முன்பே இதைக் கற்றுக்கொள்வது நல்லது.

அடுத்தது பால். மார்பில் உறிஞ்சிக் குடிக்கும் வலு வராத குழந்தைக்குத் தாய்ப்பாலைப் பீய்ச்சி, சங்கு போன்ற பாலாடையில் புகட்ட வேண்டியிருக்கும். குழந்தையைச் சற்றே நிமிர்த்திப் பிடித்து, பாலாடையின் நுனியை வாயின் ஓரத்தில் வைத்துச் சிறிது சிறிதாகச் சாய்த்து, விழுங்கிய பிறகே அடுத்த மிடறு கொடுக்க வேண்டும். படுக்க வைத்து ஊற்றினால் புரையேறும். இதை எழுதிப் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது. செவிலியர் பார்த்துக்கொண்டிருக்கத் தாயே பலமுறை செய்து பார்க்க வேண்டும்.

வீட்டில் வெப்பமானி இல்லாவிட்டாலும், குழந்தையின் வயிற்றையும் பாதத்தையும் புறங்கையால் தொட்டுப் பார்க்கலாம். இரண்டும் வெதுவெதுப்பாக இருந்தால் கவலையில்லை. பாதம் மட்டும் குளிர்ந்திருந்தால் உடனே மார்போடு அணைத்துக் கங்காரு பராமரிப்பில் வைக்க வேண்டும். வயிறும் குளிர்ந்துவிட்டால் மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். 2.5 கிலோ வரும்வரை குளிப்பாட்ட வேண்டாம் என்று மருத்துவர் சொல்லும்போது, எண்ணெய்க் குளியல், சாம்பிராணிப் புகை, உரைமருந்து, கழுதைப்பால் எல்லாமே அந்தத் தடையில் அடங்கும் என்பதை வீட்டுப் பெரியவர்கள் முன்னிலையிலேயே மருத்துவரைச் சொல்ல வைப்பது, மருமகள் தனியாக வாதாடுவதைக் காட்டிலும் பலன் தரும்.

செலவைப் பொறுத்தவரை, 2011 ஜூன் மாதம் தொடங்கப்பட்ட ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தின்படி, நோயுற்ற பச்சிளம் குழந்தைக்கு அரசு மருத்துவமனையில் சிகிச்சை, மருந்து, பரிசோதனை, ரத்தம், வீடு திரும்பும் வாகனம் அனைத்தும் இலவசம். முதலில் 30 நாள் குழந்தை வரை இருந்த இந்தச் சலுகை, பின்னர் ஒரு வயது வரை நீட்டிக்கப்பட்டது. தமிழ்நாட்டில் வீட்டில் கொண்டுவந்து விடும் வாகனத்துக்கு 102ஐ அழைக்கலாம்.

மருத்துவமனையில் பிறந்த குழந்தையை ஆஷா எனப்படும் ஊர்ச் சுகாதாரப் பணியாளர் 3, 7, 14, 21, 28, 42ஆம் நாட்களில் வீடு தேடி வந்து பார்ப்பது தேசிய சுகாதார இயக்கத்தின் கீழ் உள்ள ஏற்பாடு. ஆஷா பணியாளர் இல்லாத ஊர்களில் கிராம சுகாதார செவிலியரிடம் கேட்கலாம். பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வந்திருப்பவர்கள், குழந்தையோடு தங்கப்போகும் ஊரின் செவிலியருக்கு முன்கூட்டியே தகவல் சொல்லாவிட்டால் இந்த வருகை தவறிப்போகும். பால் குடிக்க மறுத்தல், நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல் மூச்சு வாங்குதல், நெஞ்சு உள்ளிழுத்தல், வலிப்பு, உள்ளங்கால்வரை மஞ்சள் பரவுதல், அசைவின்றிக் கிடத்தல் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் செவிலியர் வரும் நாளுக்குக் காத்திராமல் 108ஐ அழைக்க வேண்டும்.

கடைசியாக, டிஸ்சார்ஜ் சீட்டில் கண் பரிசோதனைத் தேதி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 2 கிலோவுக்குக் குறைவாகவோ 34 வாரத்துக்கு முன்போ பிறந்த குழந்தைக்கு விழித்திரை பாதிக்கப்படும் அபாயம் உண்டு. வெளிப்பார்வைக்கு அது தெரியாது. பிறந்த 30 நாட்களுக்குள் முதல் பரிசோதனை முடிந்துவிட வேண்டும். மிகவும் குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கு அதற்கும் முன்பே. அந்த நாள் பெரும்பாலும் குழந்தை வீட்டுக்குப் போன பிறகே வருவதால், எந்தத் தேதியில், எந்த மருத்துவமனையில் என்பதைச் சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.